குழிக்காரன் காட்டும் எண்

பிப்ரவரி 11, 1951

துப்பாக்கிக் குழல் வந்துவிட்டது. யெர்முன் சாக்கில் சுற்றி, காலால் உதைத்துத் தள்ளும் பனிவண்டியில் வைத்து, பனியில் சறுக்கிக்கொண்டு கொண்டுவந்தான். என் மனைவி தோர்குன்னுக்கு அண்ணன், எனக்கு மச்சான், நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் கடைசல்காரன். குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். நல்ல கனம். ஜெர்மன்காரன் இங்கே ஆண்ட நாளில் படைக்கென்று செய்து, யாரும் கேட்காமல் கிடந்த தடித்த குழல் இரண்டு இருந்ததாம். இரண்டையும் இவனே வாங்கிவிட்டான்.

"மாப்ள, இது அடிக்கிற அடியெல்லாம் காபித் தட்டுக்குள்ள விழும். எழுதி வச்சுக்கோ."

எழுதிவிட்டேன். ஆனால் இரண்டில் இதை ஏன் எனக்குக் கொடுத்தான்? நல்லதை எவனாவது கொடுப்பானா? உள்ளே வெளிச்சம் விட்டு அரைமணி நேரம் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா?

பூட்டும் அதன் கூடும் ஜெர்மன்காரர்கள் விட்டுவிட்டு ஓடிய துப்பாக்கியினுடையது. பின்பக்கப் பார்வைக்குறி நம் படையின் பழைய க்ராக் துப்பாக்கியிலிருந்து கழற்றியது. குழலைக் கூட்டில் பொருத்துவது யெர்முன் வேலை. குழலைத் தாங்கித் தோளில் பதியும் மர அடிக்கட்டை என் வேலை.

பிப்ரவரி 25

மேட்டில் நானே வெட்டிய பிர்ச் மரத்திலிருந்து ஒரு கட்டை. ஈரம் இருக்கிறது. சமையலறை அடுப்புக்கு மேலே, காலுறை காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

தோர்குன்: "உன் கட்டை காயணும்னா நாங்க எல்லாரும் ஈரக் கால்ல நடக்கணுமா?"

பத்து நாள் பொறு என்றேன். நான் வெளியே போனதும் அவள் அதைக் கீழே இறக்கி வைக்கிறாள் என்று சந்தேகம். கம்பியில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 27

கட்டை கோட்டிலேயே இருக்கிறது. கோட்டைத்தான் தோர்குன் துடைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாளோ?

ஏப்ரல் 1

செதுக்கி முடித்து ஆளிவிதை எண்ணெய் பூசியாகிவிட்டது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்து போகும் அளவு இடைவெளி. வீடெல்லாம் எண்ணெய் வாடை. ஆனாலும் அழகுதான், நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

சுடும் கழகத்தின் குடிலுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். தலைவர் அஸ்லாக் எடை பார்த்துவிட்டு, "இதத் தூக்கவே தனியா ஒரு ஆள் வேணும்யா" என்றார். ஆற்றங்கரைப் பண்ணைக்காரர் ஸ்வெய்னுங் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டின்மேல் ஜெர்மன்காரனின் கழுகு முத்திரை இருக்கிறது, அரத்தால் ராவியும் முழுசாகப் போகவில்லை.

"இந்தக் கழுகு அஞ்சு வருஷம் நம்மளப் பாத்துச் சுட்டுச்சு. இப்ப குறி அட்டையப் பாத்துச் சுடுமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் குறித்துக்கொண்டேன். ஸ்வெய்னுங்கின் தங்கை மகன் தாரியெய், ஆற்றில் மரம் மிதக்கவிடுபவன், போன கோடையில் நன்றாகச் சுட்டவன். மாவட்ட அணிக்கு எங்கள் கழகத்திலிருந்து ஒருவர்தான் போக முடியும். புது ஆள் ஒருவன் புதுத் துப்பாக்கியோடு வந்தால் மாமனுக்கு எரியாதா?

ஏப்ரல் 29

சரளைக் குழியில் பலகை வைத்துத் தனியாகச் சுட்டேன். காபித் தட்டுக்குள்! தட்டை நிஜமாகவே வைத்து அளந்தேன். யெர்முன்மேல் தப்பாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அப்படியானால் இன்னொரு குழல் இதைவிடவும் நல்லதோ?

மே 17

நாட்டு நாள். ஊர்வலம், கொடி, ஊதுகுழல், எல்லாம் நனைந்து ஊறிப்போயின.

மே 27

மழை இன்னும் விடவில்லை.

ஜூன் 3

அணித் தேர்வு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! தாரியெய் தொண்ணூற்றைந்து. நான்தான் போகிறேன். இந்த வயதில் முதல் தடவை. தோர்குன்னிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், மாவுக் கையோடு.

இரண்டாம் தடத்தில் சுட்டேன். அட்டைக்குக் கீழே குழியில் யெர்முன். ஒவ்வொரு குண்டுக்கும் அட்டையை இறக்கி, ஓட்டையைத் தாள் ஒட்டி மூடி, மறுபடி ஏற்றி, எங்கே பட்டது, எத்தனை என்று கழியால் காட்டுவான்; நட்டநடுவென்றால் பத்து. மச்சான் குழியில் இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கு யார் உறவில்லை?

ஸ்வெய்னுங் கை கொடுத்தார். கையில் பிடிப்பே இல்லை.

ஜூன் 9

மூன்றாம் தடம். குழியில் ஸ்வெய்னுங்.

ஏழு. ஏழு. எட்டு. ஆறு. ஏழு. எல்லாம் இடப்பக்கம் மேலே என்று காட்டுகிறார். போன ஞாயிறு பத்து பத்தாகக் குத்திய அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே தோள். ஆள்தானே மாறியிருக்கிறது? குழியில் இருக்கிற ஆள்!

யாருகிட்ட காட்டுற இந்த வேலைய? நான் பால் நிலைய வாசல்ல உட்காந்து பால நிறுத்து வாங்குறவன். பால்ல தண்ணி ஊத்திக்கிட்டு வர்றவன வண்டிச் சத்தத்த வச்சே சொல்லிடுவேன்.

ஜூன் 10

தோர்குன்: "ஸ்வெய்னுங் எதுக்கு உன்னக் கவுக்கணும்? தேர்வுதான் முடிஞ்சுபோச்சே."

அதுதான் சூட்சுமம். நான் தடுமாறுகிறேன் என்று ஊரை நம்பவைத்துவிட்டு, அஸ்லாக் காதில் ஓதி, கடைசி நேரத்தில் மருமகனை அனுப்பத்தான்.

"நீ தராசையே சந்தேகப்படுற ஆளு" என்றாள். தராசைச் சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

ஜூன் 16

மறுபடி ஸ்வெய்னுங், மறுபடி ஏழு. பார்வைக்குறியைத் திருப்பி அடியை நடுவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் திருப்பவில்லை. பொய்யை நம்பித் திருப்பினால் உண்மையும் கெட்டுவிடும்.

குடிலில் எல்லோரும் காபி குடிக்கும்போது கேட்டுவிட்டேன். "ஸ்வெய்னுங், என் அட்டைய மட்டும் கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறீங்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எய்லேவ், ஓட்டை எங்க இருக்கோ அங்கதான் என் கழி போகும். உனக்குப் பிடிச்ச எடத்துக்கெல்லாம் போகாது."

அஸ்லாக் நடுவில் வந்தார். "குழிக்காரன் பொய் சொன்னான்னு சொன்னா நிரூபிக்கணும். நிரூபிக்கலன்னா கழகத்துல உனக்கு எடமில்ல. சொன்னதத் திருப்பி எடுத்துக்கிறியா?"

மாட்டேன் என்றேன். வீட்டுக்கு நடந்தேன். யெர்முன் கூடவே வந்தான். "நீயாச்சும் எனக்காகப் பேசியிருக்கலாம்ல மச்சான்?" என்றேன். "விடு மாப்ள. மழையில எல்லார் கண்ணும் மங்கும்" என்றான்.

ஜூன் 22

கண்டுபிடித்துவிட்டேன். பால் நிலையத்தில் வெண்ணெய் சுற்றும் தாள்! மெல்லியது, ஈரம் தாங்கும். அட்டைக்கும் அது நிற்கிற சட்டத்துக்கும் நடுவில் செருகிவைத்தால் குழிக்காரனுக்குத் தெரியாது. அட்டையில் விழுகிற ஓட்டையை அவர் ஒட்டி மூடலாம், தாளில் விழுந்தது அப்படியே நிற்கும்.

இரண்டாம் தடத்திலும் செருகுவேன். யெர்முனுடைய அட்டை நேர்மை, ஸ்வெய்னுங்குடையது களவு என்று அஸ்லாக் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்ட வேண்டும்.

ஜூன் 23

ஸ்வெய்னுங் பொய் சொல்லவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

காலையிலேயே போய், அட்டையின் வட்டங்களை இரண்டு தாளிலும் வரைந்து செருகினேன். இன்று இரவு கோடைத் தீ மூட்டும் நாள், எல்லோரும் விறகு சுமக்கப் போய்விட்டதால் கழகத்தில் நாலே பேர். நான்தான் முதலில் சுட்டேன். ஸ்வெய்னுங் தடத்தில் பத்துக் குண்டு, யெர்முன் தடத்தில் பத்துக் குண்டு. குழிக்காரர்களுக்குக் காபி கொண்டுபோகிறேன் என்று நானே கீழே இறங்கினேன். அவர்கள் குடிக்கும்போது தாள்களை உருவி மேலங்கிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஸ்வெய்னுங் காட்டிய ஆறு, ஏழு, எட்டு எல்லாம் தாளில் அப்படியே இருந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

யெர்முன் காட்டியது பத்து, ஒன்பது, பத்து, பத்து, ஒன்பது, கடைசிவரை அப்படியே. அவன் தாளில் பத்துக்குள் ஒரு ஓட்டையும் இல்லை. எல்லாம் இடப்பக்கம் மேலே, அங்கேயும் அதே குவியல்.

தோர்குன் தீ பார்க்கக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். கரையில் பாடுகிறார்கள். யெர்முன் குரலும் கேட்கிறது, எல்லோரையும்விடச் சத்தமாக.

ஜூன் 24

ஏன்?

என்மேல் பிரியத்தாலா? அப்படியென்றால் ஸ்வெய்னுங்கை நான் ஊர் முன்னால் திருடனாக்கியபோது ஏன் சும்மா நின்றான்?

குழல் சொத்தை என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். அதுதான். நல்லதை வைத்துக்கொண்டு சொத்தையை என் தலையில் கட்டிவிட்டான். காபித் தட்டு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். அந்தப் பீற்றலைக் காப்பாற்றத்தான் பத்துப் பத்தாகக் காட்டினான்.

தொண்ணூற்றாறில் எனக்குச் சொந்தம் எத்தனை? எழுபதாவது தேறுமா? தாரியெய் போகவேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 27

யெர்முன் பட்டறைக்குப் போனேன். துப்பாக்கியையும் இரண்டு தாளையும் எடுத்துப்போனேன். ஒன்றும் பேசாமல் தாள்களைக் கடைசல் எந்திரத்தின்மேல் விரித்தேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு தாளின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "வெண்ணெய்த் தாளா?" என்றான்.

"ஆமா."

"நீ செய்வன்னு தெரியும். எப்பன்னுதான் தெரியல."

"ஏன் மச்சான் இப்படிப் பண்ணின?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். தேர்வு நாளில் இரண்டாவது குண்டே ஏழில்தான் பட்டது என்றான். "என் குழல்தான் போச்சுன்னு நெனச்சேன். தொழிற்சாலையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கை தன்னால பத்துக்குப் போயிருச்சு மாப்ள. ஒரு தடவ பத்து காட்டிட்டா, அடுத்தது எப்படி ஏழு காட்டுறது? மொதல்ல காட்டினது என்னன்னு கேப்பல்ல?"

"ஸ்வெய்னுங்க நான் கேட்டேனே, அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறக்கத்தான் நெனச்சேன். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க."

"நல்ல குழல நீ வச்சுக்கிட்ட."

"அடப் பாவி!" அலமாரியைத் திறந்து இன்னொன்றை எடுத்து என் கையில் திணித்தான். உள்ளே பார்த்தேன். துருப் பள்ளம், கைப்பிடி நீளத்துக்கு. நல்லதைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அப்போதும் இவன் குழலை மாற்றி வைத்திருப்பானோ என்று ஒரு எண்ணம் வந்துபோனது, பொய் சொல்வானேன்.

பிறகு இரண்டு பேருமாக என் துப்பாக்கியைக் கழற்றினோம். கட்டையில் குழல் கிடக்கும் பள்ளத்தின் வலப்பக்கம், அடியில், கரேலென்று தேய்ந்திருந்தது. ஏப்ரலில் தாள் நுழைந்த இடத்தில் இப்போது தலைமுடிகூட நுழையாது. மழைக்கு மரம் ஊதி, முறுக்கிக்கொண்டு, குழலை இடப்பக்கம் மேலே தள்ளியிருக்கிறது.

"எங்க காயவச்ச?"

"அடுப்புக்கு மேல."

"எத்தன நாள்?"

"பத்து."

"ரெண்டு வருஷம் களஞ்சியத்துல கெடக்கவேண்டிய கட்டைய ஆட்டுத்தொடை மாதிரி வாட்டியிருக்க" என்றான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். குழலில் குறையே இல்லை, இல்லாத குறையை மறைக்கப் பொய் சொல்லியிருக்கிறான். அன்றைக்கே ஏழு என்று காட்டியிருந்தால் நான் அன்றைக்கே கழற்றிப் பார்த்திருப்பேன். ஆத்திரமும் வந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஜூலை 1

தோர்குன்னிடம் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் கேட்டேன், "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் அந்தக் கம்பியிலேயே தொங்கவிட்டிருப்பேன்."

பிறகு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதாள். குழியில் பொய் சொன்னவன் என்று பெயர் வந்தால் யெர்முனுக்கு இந்த ஊரில் என்ன மிச்சம்? கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் உட்காருவான்? என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. "அவன் என் அண்ணன். தாரியெய்க்கும் ஒரு வீடு இருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

தோள்பட்டை வலி என்று சொல்லி ஒதுங்கிவிடலாம். தாரியெய் போவான், யெர்முன் தப்பிப்பான். ஆனால் ஸ்வெய்னுங்?

ஜூலை 4

ஸ்வெய்னுங் வயலில் இழுத்துக் கட்டிய கம்பியில் புல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தவில்லை, நான் கூடவே நடந்து நடந்து சொன்னேன். "நீங்க காட்டினதெல்லாம் சரி. நான் பேசினது தப்பு." வரிசையின் கடைசிக்குப் போனதும் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"குடில்ல வச்சுச் சொன்ன. குடில்ல வச்சே திருப்பிச் சொல்லு."

ஜூலை 7

சொன்னேன். எல்லோர் முன்னாலும். ஸ்வெய்னுங் காட்டியது சரி, என் தொண்ணூற்றாறு சரியில்லை, தாரியெய்தான் போகவேண்டும் என்றேன்.

அஸ்லாக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ரெண்டாம் தடத்துல குழியில யெர்முன். அவன் தெரியாமக் காட்டினானா, தெரிஞ்சே காட்டினானா?"

ஒரே ஒரு வார்த்தை. 'தெரியாமல்' என்று நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொய்யும் சொல்ல முடியவில்லை, அவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை.

"அவனையே கேளுங்க" என்றேன்.

யெர்முன் கதவருகே நின்றிருந்தான். மழுப்பப்போகிறான், மழை, கண் மங்கல் என்று இழுக்கப்போகிறான் என்றே நினைத்தேன். என்மேலேயே பழியைத் திருப்பிவிடுவான் என்றுகூட நினைத்தேன்.

"தெரிஞ்சேதான்" என்றான். "எய்லேவுக்குத் தெரியாது. நான்தான்."

தாரியெய் எழுந்து வெளியே போய்விட்டான். சந்தோஷமா கோபமா, தெரியவில்லை. அஸ்லாக் தீர்ப்புச் சொன்னார்: யெர்முன் இந்தப் பருவம் முழுக்கச் சுடக்கூடாது. குழிக்கும் போகக்கூடாது, சுடுகிறவன் எவனாவது பெயர் சொல்லி அவனைக் கேட்டாலொழிய. கழகத்தில் அப்படி ஒரு பழைய வழக்கம். கேட்பதற்கு யாருக்கு என்ன தலையெழுத்து?

ஆகஸ்ட் 5

தாரியெய் போய்வந்தான். பெரிய பரிசு ஒன்றும் இல்லை. ஆனால் அணிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை, அதோடே ஆற்றில் இறங்கி மரம் தள்ளுகிறானாம்.

ஆகஸ்ட் 12

ஸ்வெய்னுங் வண்டியில் ஒரு வால்நட் பலகை கொண்டுவந்து வாசலில் போட்டார். அவர் அப்பா காலத்திலிருந்து களஞ்சியத்தில் கிடந்ததாம். "அடுப்புப் பக்கம் கொண்டுபோகாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதற்காகத் தருகிறார்? உள்ளே பூச்சி இருக்குமோ? தட்டித் தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், ஓரத்தில் கொஞ்சம் சீவியும் பார்த்தேன். நல்ல மரம்.

செப்டம்பர் 9

புதுக் கட்டை தயார். யெர்முனைத் தெருவில் பார்த்தேன். தொழிற்சாலையில் அவனை 'பத்து' என்று கூப்பிடுகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சாப்பிட வா என்று கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

செப்டம்பர் 16

இலையுதிர்காலப் போட்டி. நல்ல கூட்டம். பதிவு மேசையில் அஸ்லாக் வழக்கம்போல எல்லோரிடமும் கேட்டார், "குழிக்கு ஆள் யார் இருந்தாலும் சரியா?" எல்லோரும் சரி என்று போய்க்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு யெர்முன்" என்றேன்.

அஸ்லாக் பேனாவை நிறுத்தினார். பின்னால் யாரோ, "ஆமா, தொண்ணூத்தாறு வேணும்ல!" என்றான். சிரிப்பு. ஸ்வெய்னுங் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது. சும்மா வேடிக்கை பார்க்க வந்த யெர்முன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். முதலில் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு வேலியைத் தாண்டி, யார் முகத்தையும் பார்க்காமல், குழியைப் பார்த்து நடந்தான். மறுபடி பத்து காட்டினால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டேதான் படுத்தேன்.

முதல் குண்டு. அட்டை இறங்கியது. வெகுநேரம் ஏறவே இல்லை. எல்லோரும் என் தடத்தையே பார்க்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. ஏறியது. கழி எழுந்தது, கொஞ்சம் தயங்கியது, பிறகு காட்டியது: ஏழு. இடப்பக்கம் கீழே.

பார்வைக்குறியை இரண்டு சொடுக்கு வலப்பக்கமும் இரண்டு சொடுக்கு மேலேயும் திருப்பினேன்.